தற்செயலாக, காலை ஆறரை மணிக்கு

மாரிச்சாமியின் சட்டைக் காலர்மேல் இஸ்திரிப் பெட்டி கடைசியாக ஒருமுறை ஓடி நின்றது. அடுத்த நொடி கரண்ட் போயிற்று.

"போச்சா?" என்றார் அவர், கண்ணாடி முன்னால் பாதி மீசையைக் கத்தரித்த நிலையில்.

"போச்சுப்பா. நல்லவேளை, உங்க சட்டை முடிஞ்சுது" என்றாள் சாந்தி.

"என் சட்டை யாருக்கு வேணும்? உன் சுடிதார்?"

"அது சுருங்கித்தான் இருக்கு. பரவாயில்ல."

"பரவாயில்லையா!"

ஊர் முழுக்க ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவர் மாரிச்சாமி. அவர் வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது. 'நாள் பூரா கேக்குற சத்தத்த வீட்டுலயும் கேக்கணுமா?' என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியிலிருந்து அவர் விலகியது அன்றைக்குக் காலைதான்.

விஷயம் இதுதான். சாந்திக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. ரங்கூன் கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. வந்த வரன் மூன்றையும் "இப்ப வேண்டாம்பா" என்று திருப்பிவிட்டாள். அவள் அம்மா போய் ஆறு வருஷம். தான் ஒருநாள் ஏதாவது ஒரு ஜெனரேட்டர் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டால் இந்தப் பெண்ணுக்கு யார் என்று நினைக்கத் தொடங்கினால் மாரிச்சாமிக்கு உட்கார முடியாது, நிற்க முடியாது. வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடப்பார். பசுந்தாங்கில் அந்த நாலாவது மாடி வீட்டின் பலகைத் தரை அவர் நடந்து நடந்தே ஒரு பக்கம் வழவழப்பாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் புஷ்பலதா அக்கா போன் செய்தார். ரங்கூன் தமிழர்களில் பாதிக் கல்யாணம் அவர் பேசி முடித்தது.

"மாரி, லான்மடாவ்ல நல்ல குடும்பம் ஒண்ணு. ஒரு அம்மாவும் அவங்க அண்ணன் மகனும் வருவாங்க. நீயும் சாந்தியும் வாங்க. தற்செயலா பாத்த மாதிரி இருக்கட்டும்."

"கோயில்லயாக்கா?"

"கோயில்ல பாத்தா ஊரே பாக்கும். ஒத்து வரலைன்னா மறுநாள் எல்லாருக்கும் பதில் சொல்லணும். ஆத்தோரம் பழைய சரக்கு ரயில் போன பாதை இருக்குல்ல, இப்ப எல்லாரும் நடக்கப் போறாங்களே, அங்க. நீங்க பசுந்தாங் முனையிலேருந்து வாங்க. அவங்க லான்மடாவ் முனையிலேருந்து வருவாங்க. தண்டவாளம் போன வழி, மாரி. சந்து கிடையாது, திருப்பம் கிடையாது. ரெண்டு பேரும் நடுவுல சந்திச்சே ஆகணும். உன்னால கூடக் கெடுக்க முடியாது."

இதில் அதிசயம் என்னவென்றால், சாந்தி இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. "போலாம்பா" என்று அவளே சொன்னாள். அதனால்தான் மாரிச்சாமிக்கு இந்தப் பதற்றம். வராமல் வந்த 'போலாம்' இது. இதைத் தவறவிடக் கூடாது.

கரியடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாரிச்சாமிக்கு யோசனை பிறந்தது. சூடான பாத்திரத்தின் அடிப்பாகமும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றுதானே? சாந்தி பல் துலக்கிவிட்டு வருவதற்குள் குண்டானைத் தூக்கிச் சுடிதார்மேல் ஒரு இழு இழுத்தார்.

சுருக்கம் போயிற்று. இளநீலத் துணியில், நெஞ்சுக்கு நேராக, வட்டமாக ஒரு கரி அமாவாசை உதித்தது.

சாந்தி வந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஆபீசுக்குப் போடும் பழுப்புச் சுடிதாரை எடுத்துக்கொண்டாள்.

"அதுவா? அதுல நீ ஃபைல் அட்டை மாதிரி இருப்பியே!"

"நீங்க நல்லா இருக்கீங்கல்ல, அது போதும். மீசையோட மறுபாதியையும் வெட்டுங்க."

"தனாக்காப் பட்டையையாச்சும் அரைச்சு ரெண்டு கன்னத்துலயும் பூசு."

"பூசுறேன், பூசுறேன். நீங்க கொஞ்சம் உக்காருங்கப்பா."

அவர் எங்கே உட்கார்ந்தார்! ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மார்கழிக் குளிர், கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிக் கத்தினார்.

"சாந்தி! நாம பசுந்தாங்லேருந்து மேற்க பாத்து நடந்தா சூரியன் நமக்கு முதுகுல அடிக்கும். உன் மூஞ்சி நிழல்ல இருக்கும். அவங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியுறது தெரியட்டும்."

"முடியாது. லான்மடாவ் முனைக்கு டாக்சியில போயிடுவோம். அங்கேருந்து கிழக்க பாத்து நடந்தா வெயில் நேரா மூஞ்சில விழும். பளிச்சுனு இருக்கும்."

"அப்பா—"

"எந்த முனையானா என்ன? நடுவுலதானே சந்திக்கப் போறோம்!"

டாக்சி கியாக்டடாவைத் தாண்டி, பஸ்களுக்கு இடையில் புகுந்து, லான்மடாவ் பக்கம் ஆற்றோரத்தில் அவர்களை இறக்கிவிட்டபோது மணி ஆறு இருபத்தைந்து. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார் மாரிச்சாமி. அப்போதுதான் சாந்தி மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, அவங்களும் இந்த முனையிலேருந்துதானே கிளம்புறாங்க?"

மாரிச்சாமி ஆற்றைப் பார்த்தார். அக்கரைக்குப் போகும் ஃபெர்ரி ஒன்று ஊதிவிட்டுக் கிளம்பியது. அவர் தலைக்குள்ளும் ஏதோ ஊதியது. புஷ்பலதா அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அவங்களைக் கொஞ்சம் நேரம் கழிச்சு—"

"அவங்க ஆறேகாலுக்கே நடக்க ஆரம்பிச்சாச்சு. அந்த அம்மா எதுலயும் முந்திதான். பச்சைக் குடை பிடிச்சிருப்பாங்க. நீ எங்க இருக்க?"

"நான்... அவங்களுக்குப் பின்னாடி இருக்கேன்க்கா."

"கெடுக்க முடியாதுன்னு சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஆக, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே திசையில், பத்து நிமிஷ இடைவெளியில், முன்னும் பின்னுமாக நடந்தால் உலகம் முடிகிறவரைக்கும் சந்திப்பு நடக்காது. பெண்ணை முதுகுப் பக்கமாக ஓடிப்போயா காட்டுவது? பாதையின் வாயிலில் ஒரு பர்மியர் சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பத்து சைக்கிளில் ஒன்பது காற்றில்லாமல் கிடந்தன.

"ஊலே, இது ஒண்ணுதான் ஓடும்" என்றார் அவர் பர்மியத்தில், மரியாதையாக மாமா என்று கூப்பிட்டு. "ஆனா இதுக்கு பிரேக் கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"நீங்க போங்கப்பா" என்றாள் சாந்தி. "போய் அவங்களை நிறுத்தி வைங்க. நான் நடந்து வரேன்."

"நீ இல்லாம நான் போய் என்ன பண்ண?"

"பேசிக்கிட்டு இருங்க."

மாரிச்சாமி சைக்கிள் ஓட்டி முப்பது வருஷமாகியிருந்தது. லுங்கியைச் சற்றே உயர்த்திக் கட்டிக்கொண்டு ஏறினார். சைக்கிள் முதலில் ஆற்றைப் பார்த்துப் போனது. பிறகு மனம் மாறிப் பாதைக்கு வந்தது.

கால் மைல் போனதும் முன்னால் பொங்கிகள், அதாவது புத்த பிக்குகள். செங்காவி உடுத்து, கையில் பிச்சைப் பாத்திரம் ஏந்தி, ஒருவர் பின் ஒருவராகப் பதினான்கு பேர், குனிந்த தலையுடன் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மணியடித்து விலகச் சொல்ல எவனுக்கு மனம் வரும்? மாரிச்சாமி பாதையை விட்டுக் கீழே இறங்கிப் புல்லோரமாகச் சத்தமில்லாமல் கடந்துவிடலாம் என்று நினைத்தார்.

தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் அதன் கட்டைகளை எல்லாம் பெயர்க்கவில்லை. புல்லுக்குள் அவை வரிசையாக ஒளிந்துகொண்டிருந்தன. முதல் கட்டையில் சக்கரம் ஏறியதும் சைக்கிள் மணி தானாக 'கிணிங்' என்றது. இரண்டாவது கட்டை, 'கிணிங்'. அப்புறம் 'கிணிங் கிணிங் கிணிங்' என்று பொங்கிகள் வரிசை நெடுகிலும் மணியடித்துக்கொண்டே போனார் மாரிச்சாமி. மணியைக் கையால் பொத்தப் பார்த்தால் சைக்கிள் பொங்கிகள் பக்கம் சாய்ந்தது.

எல்லோருக்கும் முன்னால் நடந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார். பதினான்கு பேரும் ஓரமாக ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டார்கள்.

"முதல்ல நீங்க போங்க" என்றார் பெரியவர், கருணையோடு. "எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை."

ஏழு ஜன்மப் பாவம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார் மாரிச்சாமி. தலைக்கு அரை ஜன்மம். பெண் கல்யாணத்துக்காக அதையும் தாங்கலாம் என்று மிதித்தார்.

அதோ, பச்சைக் குடை!

பக்கத்தில் ஓர் ஆணும் நடந்தார். மாரிச்சாமி வேகமாகத் தாண்டி, கூச்ச சுபாவம் கொண்ட பிரேக்கைக் கெஞ்சி, இரண்டு காலையும் தரையில் தேய்த்து நின்று, திரும்பி, மிகவும் தற்செயலான ஒரு புன்னகையைப் போட்டார்.

"அடடா! நீங்களும் இங்கதான் நடக்க வர்றீங்களா?"

"அட, ஜெனரேட்டர் மாரிச்சாமி!" என்றது குடைக்குள்ளிருந்து ஒரு குரல்.

லான்மடாவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இனாயத்துல்லா பாயும், அவர் மனைவி ஃபக்ருன்னிசாவும். குடை அவர்களுடையது. பாய் சைக்கிளின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளா போன் பண்றேன், எடுக்க மாட்டேங்குறீங்க. அல்லாவாப் பாத்து அனுப்பி வச்சிருக்கான்."

"பாய், ஒரு அவசரம்..."

"ஒரே நிமிஷம். இந்தச் சத்தத்த மட்டும் கேளுங்க." பாய் போனை எடுத்து மாரிச்சாமியின் காதில் வைத்தார். உள்ளே அவர் கடை ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.

ஃபக்ருன்னிசா அம்மா, "ராத்திரில இதவிட மோசம். நான் பண்ணிக் காட்டுறேன்" என்று, குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, "டுர்ர்ர்... டொக்... டுர்ர்ர்... டொக் டொக்" என்றார்.

தொழில் என்று வந்துவிட்டால் மாரிச்சாமி தன்னை மறந்துவிடுவார். "டொக் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"நடுவுல ஒரு 'ஃபுஸ்' வருதா? இப்படி: டுர்ர்ர், ஃபுஸ், டொக் டொக்?" கன்னத்தை உப்பி, தோளைக் குலுக்கி, முழு ஜெனரேட்டராகவே மாறிக் காட்டினார்.

"அதேதான்!" என்று கைதட்டினார் பாய்.

"டீசல்ல தண்ணி கலந்திருக்கு. டாங்க்க கழுவுங்க. நான் சாயங்காலம் வரேன்" என்றபடி கிளம்பத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

எதிரே பத்தடியில் இன்னொரு பச்சைக் குடை. அதன்கீழ் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் துணிப்பை. பக்கத்தில் முப்பது வயதில் உயரமாக ஒரு பையன். நடுவழிவரை போயும் யாரையும் காணாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். 'ஃபுஸ்' முதல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள்.

"மாரிச்சாமிதானே?" என்றாள் அந்த அம்மாள். "நான் கமலாட்சி. இது என் அண்ணன் மகன் சிவராஜ்."

"வணக்கம் மாமா" என்றான் பையன்.

வாய் நிறைய மாமா! மாரிச்சாமிக்கு உச்சி குளிர்ந்தது. உடனே மனசு பதறியது. மாப்பிள்ளை இங்கே, பெண் அரை மைல் பின்னால்.

"இருங்க, இருங்க! போயிடாதீங்க! சாந்தி வந்துக்கிட்டே இருக்கா. ஒரே மிதி, கூட்டிட்டு வந்துடுறேன்!"

ஒரே மிதிதான் மிதித்தார். லுங்கியின் கரை சைக்கிள் சங்கிலிக்குள் போயிற்று. இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் முழு லுங்கியும் போயிருக்கும். சைக்கிளோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்து, ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் தரையையும் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

இனாயத்துல்லா பாய் கண்ணியமானவர். "வா, நாம ஆத்தைப் பாப்போம்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"அசையாதீங்க" என்றாள் கமலாட்சி. துணிப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். "தையல்காரி பையில இது இல்லாம இருக்காது. லுங்கிக் கட்ட இறுக்கிப் பிடிச்சுக்குங்க. அங்கதான் முக்கியம்."

சம்பந்தியம்மாவாக வரவேண்டியவள் தன் லுங்கியை வெட்டிக்கொண்டிருக்கிறாள். மாரிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. நாலாவது வரனும் போயிற்று. இந்தத் தடவை தன்னாலேயே.

"அடி பட்டுச்சா?"

"இல்லீங்க. எங்க வம்சத்துல எலும்பு கெட்டி. சாந்திக்கும் அப்படித்தான்."

"சுகர், பிரஷர்?"

"பரம்பரையிலேயே கிடையாது. சாந்தி விஷயத்துல நீங்க அந்தக் கவலையே பட வேண்டாம்."

"உங்களுக்குக் கேட்டேன்."

"லேசா பிரஷர். அது ஜெனரேட்டர் சத்தத்துல வந்தது. ரத்தத்துல ஓடாது."

"வெத்தல?"

"விட்டாச்சுங்க."

"எப்ப?"

"...நேத்து."

கமலாட்சி சிரித்தாள். கத்தரிக்கோல் குலுங்கியதில் கரை இன்னும் ரெண்டு அங்குலம் கூடுதலாகப் போயிற்று.

சாந்தி நிதானமாக வந்து சேர்ந்தாள். பழுப்புச் சுடிதார், வியர்வை, கலைந்த தலை. கன்னத்தில் தனாக்கா பாதி அழிந்திருந்தது. மாரிச்சாமிக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் சிவராஜ் அவளைப் பார்த்துத் தலையசைத்தான், அவளும் தலையசைத்தாள், இரண்டு பேரும் கீழே கிடந்தவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

சேர்ந்து சிரிக்கிறார்கள்! மாரிச்சாமிக்கு உயிர் வந்தது. எழுந்து, வெட்டுப்பட்ட லுங்கியை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, தந்திரமாகச் சொன்னார்: "சின்னவங்க சைக்கிளத் தள்ளிக்கிட்டு முன்னாடி போங்க. நாங்க பின்னாடி மெதுவா வர்றோம்."

அவர்கள் உடனே போனார்கள். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், பல நாள் பழகினவர்கள் மாதிரி பேசிக்கொண்டே போனார்கள். ஆற்றின்மேல் கடற்பறவைகள் வட்டமடித்தன. சின்னவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டுமே என்று மாரிச்சாமி வேண்டுமென்றே நடையைத் தளர்த்தினார். கமலாட்சியும் தளர்த்தினாள்.

"நான் தனிக்கட்டைங்க" என்றாள் அவள். "மெஷினும் கத்தரியும்தான் குடும்பம். இவன் எப்பவாவது வந்து எட்டிப் பாப்பான்."

மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. இருக்கிற ஒரே அத்தையும் தனிக்குடித்தனம்! மாரிச்சாமி மனசுக்குள் சாந்திக்குத் திருஷ்டி சுற்றினார்.

"சாந்தி கல்யாணமாகிப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் கமலாட்சி.

மாரிச்சாமி உஷாரானார். பெண்ணோடு அப்பனும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவானோ என்ற பயம் போலிருக்கிறது!

"நான் பொண்ணு வீட்டுப் பக்கமே வர மாட்டேங்க! எனக்கென்ன குறை? நானே சமைப்பேன், நானே துவைப்பேன். ஒரு கவலையும் கிடையாது."

"ஒண்ணுமே கிடையாதா?"

அவள் அவரைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக் கேட்டதாலோ என்னவோ, வாயில் உண்மை வந்துவிட்டது.

"ராத்திரில பொசுக்குனு கரண்ட் போகும்ல... அப்ப 'போச்சா?'னு கேப்பேன். 'போச்சுப்பா'ன்னு ஒரு குரல் வரும். அது வராது. அவ்வளவுதான்."

கமலாட்சி குடையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று மாரிச்சாமி மிச்ச தூரம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கமலாட்சி பறவைகளுக்குத் தீனி வாங்கப் போனாள். சாந்தியும் அவளோடு போனாள். தீனிக்காரி பக்கத்தில் நின்று இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். பிறகு சாந்தி திரும்பி, தூரத்திலிருந்த சிவராஜைப் பார்த்துக் கையால் ஒரு ஜாடை காட்டினாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மாரிச்சாமியிடம் வந்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மாரிச்சாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு வார்த்தை. காலையிலேருந்து நடந்த கூத்தெல்லாம் என்னாலதான். பழுப்புச் சுடிதாரும் என்னால, லேட்டானதும் என்னால, லுங்கியும் என்னால. இதையெல்லாம் வச்சு சாந்திய எடை போட்டுடாதீங்க. அவ தங்கம். உங்க அத்தைக்கிட்டயும் சொல்லுங்க. என்னப் பாக்காதீங்க, அவளப் பாருங்க. என்ன முடிவானாலும் என் காதுல மொதல்ல சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்."

சிவராஜ் தலையைச் சொறிந்தான்.

"மாமா, எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க இருக்கு; அத்தைக்கு உங்களப் புடிச்சிருக்காம், உங்களுக்கு எப்படின்னு கேட்டுட்டு வரச் சொல்லி சாந்திதான் அனுப்புனாங்க."